சாக்குருவிக்கு ஒரு முகப்படம்

முகப்படம் எடுக்கும் தொழிலில், "நாடியைக் கொஞ்சம் நிமிர்த்துங்கோ" என்று சொல்லமுடியாத ஆட்கள் பறவைகள்தான். கமராவும் கையுமாகப் பற்றைக்குள் கிடந்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிளிநொச்சியில் ஒரு சின்ன ஸ்ரூடியோ இருந்தது. ஓய்வு கிடைத்தால் ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்குப் பறவைகளைப் பற்றி எழுதுவேன்.

கருடனின் மூக்கு

பூநகரிக் கரையில் மீன்குடல் பொறுக்க வந்த செம்பருந்தை, முகம் மட்டும் தெரிய எடுத்தேன். அலகில் ஒட்டியிருந்த மீன்செதில்கூடத் தெளிவாக விழுந்தது. பெரிதாக்கி ஸ்ரூடியோ வாசலில் மாட்டினேன். கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு.

அடையாள அட்டைக்குப் படம் எடுத்த கடைக்காரர் ஒருவர், தன் படத்தையும் பருந்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, அதின்ர மூக்கை இவ்வளவு வடிவாய் எடுத்திருக்கிறீர். என்ர மூக்கு உமக்கு என்ன செய்தது?"

முழுப் பக்கம்

சிறுவர் பக்க ஆசிரியருக்குப் பருந்து பிடித்துவிட்டது. ஆனால் அவருக்கு ஆந்தையும் வேண்டும். பிள்ளைகள் வரைந்து அனுப்பும் ஆந்தைகளெல்லாம் சிறகு முளைத்த பூனைகளாக இருக்கின்றனவாம். இரண்டு முகங்களும் சேர்ந்து வந்தால் முழுப் பக்கம் தருவதாகச் சொன்னார். எனக்கு அதுவரை முழுப் பக்கம் கிடைத்ததில்லை.

"ரெண்டு கண்ணும் நேராய்ப் பாக்கவேணும். இல்லாட்டி அந்த இடத்தில குறுக்கெழுத்துப் போட்டி போடுவன்."

மிளகாய்ப் புகை

மலையகத்திலிருந்து ஜெயபுரத்தில் வந்து குடியேறியவர் முத்தையா. அவருடைய வளவில், பனைப் பொந்தில் ஒரு கூகை ஆந்தை இருந்தது. ஊரார் அதைச் சாக்குருவி என்பார்கள்; அது கத்தினால் வீட்டில் சாவு விழுமாம். வயல் எலியைப் பிடிப்பதால் முத்தையாவுக்கு அதில் பிரியம். மனைவி பார்வதி அக்காவுக்கோ பயம். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வரவிருந்தாள். அதற்குள் பொந்துக்குப் புகை போட்டுக் கலைத்துவிடவேண்டும் என்பது அவாவின் முடிவு. எனக்கு இருந்த அவகாசமும் அதுவரைதான்.

பொந்துக்கு எதிரே பரண் கட்டிச் சாக்கால் மூடினோம். நான் ஏறுவதைக் கண்டால் கூகை வெளியே வராது. அதனால் முத்தையாவும் என்னோடு பரணுக்கு வந்து, சத்தமாகக் கதைத்தபடி தனியே இறங்கிப் போவார். எல்லோரும் போய்விட்டார்கள் என்று கூகை நம்பிவிடும். நம்பி வெளியே வந்தும், நாள் தவறாமல் எனக்கு முதுகைத்தான் காட்டியது.

மகள் வருவதற்கு முந்திய நாள், பொழுதுபடும் நேரம், அது பொந்து வாயில் வந்திருந்து ஒருமுறை கத்தியது. குசினியில் பார்வதி அக்கா, வழக்கம்போல, அந்தச் சகுனம் கழிய உப்பையும் செத்தல் மிளகாயையும் அடுப்பில் போட்டா. காற்று பரண் பக்கம். எவ்வளவோ அடக்கியும் தும்மிவிட்டேன். கூகையின் தலை மட்டும் சட்டென்று திரும்பியது. இரண்டு கண்ணும் நேரே என்னைப் பார்த்தன. அடுத்த தும்மல் வருமுன் கமராவை அமத்திவிட்டேன்.

முத்தையாவின் தந்திரம் கூகையோடு சேர்த்து அவர் மனைவியையும் ஏமாற்றியிருந்தது. நானும் போய்விட்டேன் என்றுதான் அவா நினைத்திருந்தா. குசினிக்குள்ளிருந்து வெற்றிக் குரல் கேட்டது.

"என்னங்க, இத்தன நாளா கருக்குனதுக்கு இன்னிக்குத்தாங்க அது தும்முது!"

பவுடர் பூசிய முகம்

இரவே படத்தைக் கழுவிப் பெரிதாக்கி, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கொண்டுபோனேன். வளவில் புகைக்கு வைக்கோல் குவித்தாயிற்று. பார்வதி அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தா. வெள்ளை முகம், கறுத்த கண், வெட்டிவைத்த வெற்றிலைபோல முகவட்டம். பிறகு வைக்கோலை மாட்டுக்கு அள்ளிப் போடச் சொன்னா. அந்த மாதமே முழுப் பக்கமும் வந்தது, குறுக்கெழுத்துக்கு இடமில்லை. ஆனால் எனக்குப் பெரிய பாராட்டு அன்று ஜெயபுரத்தில் கிடைத்ததுதான்.

"பவுடர் பூசுன கல்யாணப் பொண்ணு மாதிரில்ல இருக்கு. இருந்துட்டுப் போகட்டுங்க, மக வந்து பாக்கட்டும்."

பறவைப் படத்துக்கு மூச்சடக்கி இருப்பதுதான் முக்கியம் என்று யாராவது எனக்குப் புத்தி சொன்னால், இன்றைக்கும் மரியாதைக்குத் தலையாட்டி வைக்கிறேன்.