போல்ட் கருவியும் என் வயிற்றெரிச்சலும்

என் வயிற்றெரிச்சல் ஜெர்மனியிலிருந்து மரப்பெட்டியில் வந்து இறங்கியது.

அறுபதுகளின் கடைசி. செம்பூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அதுவரை போல்ட்டின் நீளத்தை மைக்ரோமீட்டரால்தான் அளப்போம். அளப்போம் என்ன, நான்தான் அளப்பேன், ஒன்பது வருஷமாக. பெட்டியில் வந்த கருவியோ ஒலியால் அளந்தது. போல்ட்டின் தலையில் கிரீஸ் தடவி கருவியின் முனையை வைத்தால், ஒலி உள்ளே போய் மறுகோடியில் முட்டித் திரும்பும். போய்வந்த நேரத்தைப் பச்சைத் திரையில் ஒரு கோடு காட்டும். முறுக்கிய போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக் கழற்றாமலே சொல்லிவிடலாம்.

அதை யாரிடம் கொடுத்தார்கள்? சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத, தாராவியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு திருநெல்வேலிக்காரனிடம். அவனுக்குத் தனி அறை, மின்விசிறி, சுழல் நாற்காலி. நான் பழையபடி நின்றுகொண்டே வேலை. கருவிக்குப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அது எனக்குத்தான் என்று திலக் நகர் வீட்டில் மனைவியிடம் சொல்லியும் வைத்திருந்தேன். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் டிபனைத் திறந்தால், “மீன் வாசனை தாங்கலைப்பா” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வேன்.

ஒரு சாயங்காலம் சங்கு ஊதி அவன் கிளம்பிய பிறகு அந்த அறைக்குள் போனேன். பதற்றம் வந்தால் தலையைத் தடவிக்கொள்வது என் வழக்கம், தடவிக்கொண்டேன். பிறகு, திரையை அளவுக்குப் பொருத்தும் குமிழை மயிரிழை திருப்பினேன். நாளைக்கு எல்லா அளவும் தப்பாக வரும், மானேஜர் கத்துவார், நாற்காலி காலியாகும் என்று கணக்குப் போட்டேன். வீடு போய்ச் சேரும்வரை சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அவன் வந்ததும் முதல் வேலையாக, நீளம் தெரிந்த எஃகுத் துண்டை வைத்துப் பார்த்து, விலகியிருந்த கோட்டைச் சரிசெய்து, நோட்டில் எழுதிவிட்டான். ஒன்பது வருஷமாக நானும் மைக்ரோமீட்டரை அப்படிச் சோதித்த பிறகுதான் வேலையில் இறங்குவேன். அவன் மட்டும் சோதிக்க மாட்டான் என்று எப்படி நினைத்தேன்? பொறாமைக்கு அவ்வளவுதான் புத்தி. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மறப்பான் என்று மூன்று வாரம் விடாமல் திருப்பினேன்.

ஒருநாள் மானேஜர் அந்த நோட்டைப் புரட்டினார். “தினமும் மெஷினின் அளவு நகர்ந்திருக்கிறது. தினமும் இவன் கண்டுபிடித்திருக்கிறான். இந்த மெஷினுக்கு இவன்தான் ஆள்” என்று எல்லோர் முன்னாலும் ஹிந்தியில் சொன்னார். பதவி அங்கேயே அவனுக்குப் போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அளவு தானாக நகரவில்லை, நகர்த்தினது நான் என்றா சொல்ல முடியும்?

சாயங்காலம் பேடாப் பொட்டலத்தோடு என்னிடம் வந்தான்.

“எடுத்துக்கிடுங்க, அண்ணாச்சி. எல்லாம் ஒங்க தயவு.”

“நான் என்னப்பா பண்ணினேன்?”

பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டான். “எங்கிட்ட மீன் வாசம் அடிக்குன்னு சொல்லுவியள்லா? அந்தக் குமிழ்ல தெனமும் காலைல தேங்காண்ண வாசம்லா அடிச்சுது. தொடைச்சுப்போட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பேன்.”

என் கை தானாகத் தலைக்குப் போய், எண்ணெய்ப் பிசுக்கில் பட்டதும் நின்றது.

“மானேஜர்கிட்ட ஏன் சொல்லலை?” என்று கேட்டேன்.

“சொன்னா ஒங்க வேல போயிருமே, அண்ணாச்சி. பேடா எடுங்க.”

எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. பதவியும் அவனுக்கு, நல்ல மனசும் அவனுக்கா? அன்றைக்கு இரண்டுக்கும் சேர்த்து வயிறு எரிந்தது.