பதினேழாவது குழியில் மூன்று நிமிடம்

என் வீட்டுக்காரருக்குப் புல்லைத் தவிர மற்ற எல்லாவற்றிடமும் பயம். பல் டாக்டர், தபாலில் வரும் நீளக் கவர், பக்கத்து வீட்டு நாய் என்று பட்டியல் போகும். எல்லாவற்றுக்கும் மேலே சூப்பர்வைசரின் செருமல். கோல்ஃப் கிளப் மைதானத்தில் பத்தொன்பது வருடமாகப் புல் வெட்டுகிறார். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. அதற்கும் அவர் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டால் என்ன ஆகுமோ என்ற பயம்தான்.

நான் நேர் எதிர். அதே கிளப்பின் உணவகத்தில் தட்டு எடுக்கிறேன். சிலிண்டர் போடுகிறவனிடம் சண்டை பிடிப்பது முதல் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் நியாயம் கேட்பதுவரை எல்லாம் என் தலையில்தான். "நீ சொன்னா சரி" என்று அவர் ஒதுங்கிக்கொள்வார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

எங்கள் வீடு புல் வெட்டும் மிஷின்களை நிறுத்தும் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு அறைகள். சுவரெல்லாம் பெட்ரோல் வாடை. கிளப் கொடுத்த வீடு என்பதால் வேலை இருக்கிறவரைதான் எங்களுடையது. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எனக்கும் அடிமனதில் அந்த ஒரு பயம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான்.

அந்த வருடம் பெண்கள் சாம்பியன்ஷிப் எங்கள் மைதானத்தில் நடந்தது. மேடம் ஏழு முறை கோப்பை வாங்கியவர். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, கிளப்பில் மேடம் என்றால் அவர் ஒருவர்தான். உணவகத்தில் ஜன்னலோர நாற்காலி அவருடையது, வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அவரை எதிர்த்து எங்கிருந்தோ ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது, முதல் பெரிய போட்டி. ஒல்லியாக, விறைப்பாக இருந்ததால் புல் வெட்டுகிறவர்கள் அவளைத் தீக்குச்சி என்றார்கள். இளங்கன்று பயமறியாது, இரண்டாம் நாள் வாலைச் சுருட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் சுருட்டிக்கொள்ளவில்லை. நான்காவது நாள் காலையில் இருவரும் சமமாக நின்றார்கள்.

மைதானமே மேடம் பக்கம். என் வீட்டுக்காரர் மட்டும் தீக்குச்சி பக்கம். பயிற்சிக்கு வந்த முதல் நாளே அவள் மிஷினை நிறுத்தச் சொல்லி, "அண்ணே, இன்னைக்கு எவ்வளவு உயரத்துக்கு வெட்டினீங்க?" என்று கேட்டாளாம். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் புல்லைப் பற்றிக் கேட்ட முதல் ஆட்டக்காரி. அதை என்னிடம் நாலு தடவை சொன்னார்.

கடைசி நாள் புல் வெட்டுகிறவர்களுக்கு வேறு வேலை. உயரமாக வளர்ந்த புல்லுக்குள் கொடியோடு நின்று பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லைக்குள் விழுந்தால் பச்சைக் கொடி, வெளியே போனால் சிவப்பு. காலையில் சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்:

"எவன் காலாவது பந்துமேல பட்டுச்சு, அன்னைக்கே வீட்டுச் சாவிய என் மேசையில வச்சிட்டுக் கிளம்பணும். ஆட்டக்காரங்களுக்கும் அபராதம். புரியுதா?"

யாரும் எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்பாரா? காலைச் சாப்பாட்டைத் தொடாமல் போனார்.

பதினெட்டுக் குழிகளில் பதினேழாவதுக்குப் போகும் பாதையோரம், உயரப் புல்லில் அவர் நின்றார். இருபது அடி தள்ளி, கயிற்றுக்கு வெளியே, தண்ணீர் பாட்டில் மேசையில் நான். அதுவரை இருவருக்கும் ஒரே எண்ணிக்கை. தீக்குச்சி அடித்தாள். சூரியன் நேர் எதிரில் இருந்தது. பந்து எல்லைக்குள் விழுந்ததைப் பார்த்து அவர் பச்சைக் கொடியைத் தூக்கினார். அதை நம்பித்தான் அவள், பந்து தொலைந்தால் உதவட்டும் என்று முன்கூட்டியே அடித்துவைக்கும் மாற்றுப் பந்தை அடிக்காமல் நடந்து வந்தாள்.

சரியான இடத்தைப் பார்க்க அவர் பக்கவாட்டில் ஓர் அடி வைத்தார். வைத்த கால் வைத்தபடி நின்றுவிட்டது.

இருபது வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? முகத்தில் ரத்தமே இல்லை. குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஈர மண்ணுக்குள் பந்து அவர் காலடியில் அழுந்திக் கிடக்கிறது.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிஷம், இப்ப ஆரம்பம்" என்றார். அதற்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்த கணக்கு. அவள் திரும்பிப் போய் முதலிலிருந்து அடிக்க வேண்டும், கோப்பை கைநழுவிவிடும்.

எல்லோரும் தேடினார்கள். எதிராளியின் பந்தைத் தேடிக் கொடுப்பது அவர்கள் வழக்கம் என்பதால் மேடமும் வந்து தேடினார். அவருடைய கோல்ஃப் மட்டை என் வீட்டுக்காரரின் ஷூவுக்கு ஒரு ஜாண் பக்கத்தில் புல்லை விலக்கிக்கொண்டு போனது. தீக்குச்சி முழங்காலிட்டுக் கையால் துழாவினாள்.

அவர் மறுபடி என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. சொல்லிவிடட்டுமா என்று கேட்கிறார். சுவரோரம் அடுக்கிய பிள்ளைகளின் புத்தகங்கள் என் கண்முன் வந்தன. சாவி, மேசை, தெரு. நான் லேசாகத் தலையை ஆட்டினேன். வேண்டாம்.

அவர் காலை எடுக்கவில்லை.

"நேரம் முடிஞ்சது" என்றார் நடுவர். அவள் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, தொடங்கிய இடத்துக்குத் திரும்பி நடந்தாள். அவ்வளவு நீளமான நடையை நான் பார்த்ததில்லை. இரண்டு அடி குறைவாக அடித்து மேடம் எட்டாவது கோப்பையை வாங்கினார். பெரியவரைப் பார்த்ததும் சின்னதுக்குக் கை நடுங்கிவிட்டது என்று கூட்டம் பேசிக்கொண்டே கலைந்தது.

சாயங்காலம் நான் சமையலறைப் பின்வாசலில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னைக் கூட்டிப்போக அவர் வந்திருந்தார். பையோடு வண்டிக்குக் காத்திருந்த தீக்குச்சி அவரை அடையாளம் கண்டு வந்தாள்.

"அண்ணே, தேங்க்ஸ். எனக்காக அவ்ளோ நேரம் அசையாம நின்னீங்க. மிதிச்சிடுவோமோன்னு பயமா?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தேடும்போது யாரு மிதிச்சாலும் தப்பே இல்லண்ணே. எடுத்து, இருந்த இடத்துல வச்சு ஆடிக்கலாம். யாருக்கும் அபராதம் கிடையாது."

ஒரு வார்த்தை போதுமாயிருந்திருக்கிறது. சூப்பர்வைசர் சொன்னது பாதிதான் சட்டம், மீதி அவருடைய மிரட்டல்.

அவர் சட்டைப்பையில் கைவிட்டுப் பந்தை எடுத்து நீட்டினார். மண் காய்ந்திருந்தது, தன் பந்து என்று அடையாளம் தெரிய அவள் வைத்த இரண்டு சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தன.

"என் காலுக்கு அடியிலதாம்மா இருந்துச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ நான் எங்கயோ காட்டுக்குள்ள அடிச்சிடலையா?" என்றாள்.

"இல்லம்மா. நல்ல அடி. ரெண்டடி தள்ளியிருந்தா வெட்டின புல்லு."

"கை நடுங்கிடுச்சுன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்ல வேணாம்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லலம்மா. எனக்குத்தான் பயம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். எப்படியோ ஒரு சிரிப்பை வரவழைத்து, "அவரு எப்பவுமே அப்படித்தாம்மா, தன் நிழலப் பாத்தாலே மிரளுவாரு" என்றேன்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.