சூடாமணியின் நெஞ்சுப்படம்

மயிலாப்பூர் சூடாமணி கிண்டிக் கல்லூரியொன்றில் கணிதம் கற்பித்தாள். எக்ஸ்ரே படத்தில் காசநோயைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்க, 1974-இல் ஒரு புரோகிராம் எழுதினாள். நோயில்லாத நெஞ்சுக்கு மாதிரியாகத் தன் படத்தையே கொடுத்தாள். கம்ப்யூட்டர் அதில் நோய் இருப்பதாகச் சொன்னது.

"மிஷினுக்குத்தான் வியாதி," என்று அந்தப் படத்தை எடுத்துத் தந்த ஆஸ்பத்திரி டாக்டர் ராமானுஜம் சிரித்தார். அவமானம் தாங்காமல், தன் படம் தேறும்வரை அவள் புரோகிராமைத் திருத்தினாள். கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் பேச எழுந்தவளுக்கு இருமல் நிற்கவில்லை, கைக்குட்டையில் ரத்தம்.

புதுப்படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எப்போலேர்ந்தும்மா இது?" என்றார்.

"மிஷின் அப்பவே சொல்லித்து டாக்டர். நான்தான் திருத்திட்டேன்."

ஊசியும் மாத்திரையுமாக ஒரு வருஷம் கழித்துக் குணமாகி வந்தவள், புரோகிராமைப் பழையபடி மாற்ற அனுமதி கேட்டாள். பாராட்டு வாங்கிய புரோகிராமில் யாரும் கைவைக்கக்கூடாது என்றார் பிரின்சிபால்.