ஒரு துளைக்குள் கலியாணமும் கிரிக்கெட்டும்

மின்சாரம் இல்லாத எங்கள் முரசுமோட்டைக்கு ரீவியும் கசெற் போடும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குக் கொண்டுவருகிறவர் அவர். ஒல்லியானவர். வயர்களை மாலைபோலக் கழுத்தில் போட்டிருப்பார்.

அன்று பக்கத்து வீட்டு அக்கா, கனடாவில் நடந்த மகளின் கலியாணக் கசெற்றை முதன்முதலாகப் பார்க்க அவரை அழைத்திருந்தார். கூடியிருந்த ஆண்களுக்கோ கிரிக்கெட் வேண்டும். ரீவியின் பின்னால் வயர் செருக ஒரே ஒரு துளை.

"அன்ரனா வயரை டெக்குக்குக் குடுத்து, டெக்கை ரீவிக்குக் குடுத்தால் ரெண்டும் வரும். ஆனா மாறி மாறித்தான் பாக்கலாம்," என்றார் ரீவி கொண்டுவந்தவர்.

பந்து வீசும்போது கிரிக்கெட். ஓவர் முடிந்தால் கலியாணம். டெக்கின் பொத்தானை அவரே அழுத்திக்கொண்டிருந்தார். கடைசி ஓவர் தொடங்கும்போது மாப்பிள்ளை தாலியைத் தூக்கியிருந்தார். கசெற்றை அப்படியே நிறுத்திவிட்டு கிரிக்கெட்டுக்கு மாற்றினார்.

"தம்பி, மருமோனுக்குக் கை உளையப்போகுது!" என்று கத்தினார் அக்கா.

வீடே சிரித்தது. ஆட்டத்தில் இன்னும் ஒரு பந்துதான் மிச்சம். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார்; பொத்தானை அழுத்தினார். தாலி ஏறியது. முதலில் கைதட்டியது ஆண்கள்தான். பிறகு கிரிக்கெட்டை ஒருவரும் கேட்கவில்லை.

போகும்போது வயர்களைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாசல் படலையடியில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"அந்தக் கடைசிப் பந்து என்ன ஆகியிருக்கும்?"