மாற்றாமல் விட்ட சர்வே எண்

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான கையேட்டை என் மகள் திருத்திக்கொண்டிருந்தாள். "புரோகிராம்ல சேர்க்கிற ஹெடர் ஃபைலுக்கெல்லாம் புதுப் பேர் வச்சுட்டாங்கம்மா. இதுல பழைய பேரே இருந்தா, நம்பிப் படிக்கிறவங்க தேடி அலைவாங்க" என்றாள்.

எனக்கு எங்கள் ஊரில் குத்தகைக்குப் பயிரிட்ட அஞ்சலை அக்கா நினைவு வந்தது.

நன்னிலம் பக்கம் குத்தகை நிலங்களை அரசு பதிந்த காலம். பதிந்துவிட்டால் குத்தகைக்காரரை நிலக்காரர் வெளியேற்ற முடியாது. வயல்களுக்குப் புது சர்வே எண் வந்திருந்தது. ஐந்தாவது படித்தவள் என்று என்னை மனு எழுதச் சொன்னார்கள். அக்கா மனுவில் மட்டும் எண்ணை மாற்ற மறந்தேன். கொடுக்கும்போதே கவனித்துவிட்டேன். ஆண்கள் கூட்டத்தில் வாய் திறக்க வெட்கப்பட்டு நின்றேன். மனு தள்ளுபடியானது. வயலில் நிலக்காரர் வேறு ஆளை இறக்கினார்.

"உன் எழுத்து முத்து முத்தா இருந்துச்சுடி. அந்த ஆபீசருக்குத்தான் கண்ணு அவிஞ்சுபோச்சு" என்றாள் அக்கா. அப்போதும் நான் சொல்லவில்லை. இப்போது சொல்ல அக்கா இல்லை.

"ஒண்ணு விடாம இன்னொரு தடவை பாரும்மா" என்று மகளிடம் மட்டும் சொன்னேன்.