ராகு காலத்தில் விற்காத கிட்டார்

கடையை விட்டு இருபது அடி நடந்திருப்பேன். பின்னால் கடைக்காரன் பக்கத்து டீக்கடைக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தான்.

"காலங்காத்தால வந்து ஆறு கிட்டாரையும் எறக்கச் சொன்னாருண்ணே. எல்லாத்தையும் தடவிப் பாத்துட்டு ஒண்ணும் சரியில்லேன்னு போறாரு. போணியே இன்னும் ஆவல. இந்த ஆளு நல்லா இருப்பாரா?"

நான் திரும்பவில்லை. அவன் பக்கம்தான் நியாயம். அன்று முதலில் கடை ஏறியவன் நான். குறைந்தது ஒரு கம்பியாவது வாங்கி போணி செய்திருக்கலாம். கிட்டார்களிலும் பெரிய குறை இல்லை. ஒன்றில் கழுத்து லேசாக வளைந்திருந்தது. மற்ற ஐந்தும் வாசிக்கக்கூடியவை. சரியில்லாதது என் இடது கை.

ஏழு மாதம் முன்பு பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல் உடைக்கும் கிரஷரில் பெல்ட்டைச் சரிசெய்யக் கையை விட்டேன். மோதிர விரலின் மேல் கணு போயிற்று. நடுவிரல் இருக்கிறது, மடங்காது. முதலாளி தன் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நல்ல ஜீப். சோற்றுத்தட்டைப் பிடிக்க, சட்டைக்குப் பித்தான் போட, இந்தக் கை போதுமானதாக இருக்கிறது. கிட்டார்க் கம்பிகளை அழுத்தப் போதுமா என்பதுதான் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அன்று கிளம்பினேன். கடைகளில் அதைச் சொல்லவில்லை. புதுசு வாங்க வந்திருக்கிறேன் என்றேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. கிட்டாரை அதற்கப்புறம் கொச்சியில் ஒரு ஓட்டலில் படித்தேன். கூடப் பாத்திரம் கழுவிய மணிப்பூர்க்காரன் சொல்லிக்கொடுத்தான். பிறகு எந்த ஊரில் எந்த வேலை பார்த்தாலும் ஒரு கிட்டார் கூட இருந்தது. கல்யாணக் கச்சேரிகளில் வாசித்திருக்கிறேன், மாதா கோயில்களில் வாசித்திருக்கிறேன். கடைசியாக வைத்திருந்தது விருத்தாசலத்தில் போயிற்று. நான் ரயிலை விட்டு இறங்கினேன். அது இறங்கவில்லை.

பெரம்பலூரில் இன்னொரு கடை இருந்தது. செல்போன் உறை, ஹெல்மெட், இவற்றுக்கு நடுவே நீலத்திலும் சிவப்பிலும் நான்கு கிட்டார்கள் தொங்கின.

"போட்டோ எடுக்கவா, வாசிக்கவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வாசிக்க."

"வாசிக்கிற மாதிரி நம்மகிட்ட இல்லீங்களே."

நேர்மையான மனிதர். அரியலூர் பஸ் ஏறினேன்.

அரியலூரில் நான் போன கடை சிறியது. மிருதங்கம், ஜால்ரா, பள்ளிக்கூட பேண்டு டிரம், மேலே வரிசையாகக் கிட்டார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்து ஒரு தபேலாவின் வாரை இழுத்துக்கொண்டிருந்தார். கடை அவருடையது.

"என்ன தம்பி வேணும்?"

"கிட்டாரு வேணும்க்கா. கரண்டு இல்லாம வாசிக்கிறது."

"கரண்டு இருக்குறது வாங்கி வெச்சா மட்டும் இங்க கரண்டு இருக்கப்போவுதா? ஒக்காரு."

மூன்றை இறக்கினார். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுருதி சேர்த்த பிறகே என்னிடம் தந்தார். அன்று பார்த்த கடைகளில் அப்படித் தந்தவர் அவர் ஒருவர்தான். மூன்றாவது கிட்டார் எனக்குப் பிடித்தது. பூச்சு இல்லாத பழுப்பு மரம், கம்பிகள் விரலுக்குத் தாழ இருந்தன. சுட்டுவிரலும் சுண்டுவிரலும் மட்டும் போதுமான இரண்டு பிடிகள் எனக்குத் தெரியும். அவற்றை மாற்றி மாற்றி வாசித்தேன். கேட்பவருக்கு ஒரு பாட்டு தொடங்கப்போவதுபோல இருக்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இதை வாங்கிக்கொண்டு போய், மீதியை யாரும் இல்லாத இடத்தில் தெரிந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

"இதையே எடுத்துக்கிறேன்க்கா."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடம்.

"இன்னிக்குப் புதன்கெழம. ராகு காலம் ஒன்றரை வரைக்கும் இருக்கு. அப்புறம் தரேன்."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நான் பாக்கிறதில்ல."

"நீ பாக்கல. நான் பாக்கறேன். ராகு காலத்துல வித்த மிருதங்கம் ஒண்ணு மூணு தடவ திரும்பி வந்துச்சு. ஒன்றரை வரைக்கும் வாசிச்சுக்கிட்டு இரு. யாரு வேணாங்கறா?"

ஒன்றரை மணி நேரத்துக்கு இரண்டு பிடிகள் போதாது. இருபது நிமிடம் சமாளித்தேன்.

"தம்பி, அந்தப் பாட்டு எப்பதான் ஆரம்பிக்கும்?" என்றார் தபேலாவிலிருந்து தலையைத் தூக்காமல்.

வேறு வழியில்லை. சுட்டுவிரலை ஆறு கம்பிகள் மீதும் படுக்க வைத்து, மற்ற மூன்று விரல்களையும் ஊன்ற வேண்டிய பிடியைப் போட்டேன். அது இல்லாமல் முக்கால்வாசிப் பாட்டுகள் இல்லை. கட்டையில் தட்டியதுபோலச் சத்தம் வந்தது. இரண்டு கம்பிகள் மட்டும் ஒலித்தன. ஐந்து முறை போட்டேன். ஐந்து முறையும் அதே இரண்டு.

"கிட்டாருல ஏதோ கோளாறுக்கா," என்றேன். காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

எழுந்து வந்து கிட்டாரை வாங்கினார். அதே பிடியைப் போட்டார். ஆறு கம்பிகளும் மணிபோல ஒலித்தன. திருப்பித் தந்தார்.

"கையக் காட்டு."

காட்டினேன். மிருதங்கத் தோலைப் பார்ப்பதுபோல் புரட்டிப் பார்த்தார்.

"கிரஷரா?"

"ஆமாங்க்கா."

"எங்க வூட்டுக்காரருக்கும் கட்டவெரல் போச்சு. ஃபேக்டரியில."

"அவரு வாசிப்பாரா?"

"மாட்டாரு. வெரலு இருந்தப்பவும் வாசிக்கல." என் இன்னொரு கையையும் இழுத்துப் பார்த்தார். "வலது கை நல்லாத்தான இருக்கு? கிட்டாரத் திருப்பிப் புடி."

"பதினஞ்சு வருசமாப் பழகுன கைங்க்கா. திருப்பினா முதல்லேருந்து படிக்கணும்."

"ஏன், ஒனக்கு அவசரமா ஏதாச்சும் சோலி இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"ராகு காலத்துல கம்பிய மட்டும் திருப்பிக் கட்டலாமா?" என்று கேட்டேன்.

"விக்கத்தான் கூடாது. ரிப்பேருக்கு ராகு கெடையாது."

ஆறு கம்பிகளையும் தளர்த்திக் கழற்றினார். கழுத்தின் நுனியில் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டையைத் தட்டி எடுத்து, திருப்பி வைத்துப் பசை போட்டார். பசை காயட்டும் என்று தூக்குவாளியைத் திறந்து எலுமிச்சைச் சோற்றில் பாதியை எனக்குத் தந்தார். பிறகு கம்பிகளை எதிர்வரிசையில் கட்டினார்.

"சொல்லிட்டேன், திரும்பக் கொண்டாந்தா எடுத்துக்க மாட்டேன். இத வேற எவன் வாங்குவான்? இப்பவே வாசிச்சுப் பாத்துக்க. வேணாம்னா பழையபடி கட்டிடுறேன். ராகு காலம் முடியற வரைக்கும்தான் ஒனக்கு டைம்."

கால் மணி நேரம் இருந்தது. வலது கை விரல்கள் கழுத்தின் மேல் இன்னொருவன் விரல்கள்போல நின்றன. எந்த விரல் எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவற்றுக்குத் தெரியவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பிடியையே போட்டேன். முதலில் ஒன்றும் ஒலிக்கவில்லை. எத்தனையாவது முறையோ மூன்று கம்பிகள் ஒலித்தன. இடது கையில் வந்ததைவிட ஒன்று கூடுதல்.

"ஒன்றரை ஆயிடுச்சுக்கா," என்றேன்.

"அந்தக் கடியாரம் அஞ்சு நிமிசம் வேகமா ஓடும். இரு."

இருந்தேன். அந்த ஐந்து நிமிடம் தாண்டிய பிறகு கிட்டாருக்குச் சந்தனம் வைத்து, என் கையில் கொடுத்தார்.

அந்த வட்டாரத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. சிமெண்டு மூட்டை ஏற்ற ஆள் கேட்டார்கள். கூலியும் அதில்தான் அதிகம். மூட்டை தூக்கியவனால் சாயங்காலம் விரலை விரிக்கவே முடியாது என்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலை ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியின் வாசலுக்குப் போனேன். லாரி வந்தால் குறுக்குக் கம்பத்தைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. லாரிக்கும் லாரிக்கும் நடுவே கால் மணி நேரம் கிடைக்கும் என்றார் மேஸ்திரி.

"என்ன படிச்சிருக்க?"

"ஏழாவதுங்க."

"அதுவே ஜாஸ்தி. முதுவுல என்ன, கிட்டாரா? லாரிச் சத்தத்துல ஒனக்கே கேக்காதே."

"கேக்காட்டிப் பரவால்லீங்க. இப்போதைக்கு அதுதான் நல்லது."

அவர் கம்பத்தைக் காட்டினார். ஒரு லாரி வந்து நின்றது. கம்பத்தை இடது கையால் தூக்கினேன். வலது கையின் விரல்நுனிகள் முந்தின நாளே வலிக்கத் தொடங்கியிருந்தன.