அக்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குப் பினாங்கில் படகு ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, தாப்பாவில் இறங்கியபோது மணி பன்னிரண்டு. எழுபத்தெட்டாம் வருஷம் அது. கேமரன் மலைக்கு அங்கிருந்து வேறு பஸ். ரிங்லெட்டுக்கு இருபத்தொன்பது கட்டை. கட்டை என்றால் மைல்தான். பாதி வழியில் என் முகம் வெளுத்துப்போனதைக் கண்ணாடியில் பார்த்துவிட்ட டிரைவர், “வளைவ எண்ணாதீங்க தங்கச்சி. எண்ணுனா கண்டிப்பா வாந்திதான்,” என்றார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஊர் சுற்றுகிற பழக்கம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மூன்று வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தேன். சம்பளத்தோடு லீவு உண்டு, அந்த லீவில் எங்கேயாவது போய்ச் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும் என்பதெல்லாம் விடுதித் தோழிகள் சொல்லித்தான் தெரியும். எங்கள் அப்பா அம்மா கோயில் திருவிழா, கல்யாணம், சாவு, இந்த மூன்றுக்குத்தான் பஸ் ஏறுவார்கள். அக்கா பார்வதியும் அப்படியே. ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டுப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. ஊர் உலகம் காசு கொடுத்துப் பார்க்க வருகிற மலையில் இருந்துகொண்டு ஒரு நாள்கூட அவள் அதைச் சுற்றிப் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் அவளை வேலையிலிருந்து பிய்த்தெடுத்துச் சந்தோஷமாக வைத்திருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். அதற்காகவே இரவல் கேமராவோடு வந்திருந்தேன்.

மாலை ஐந்து மணி. தோட்டத்து லைன் வீட்டில் அக்கா சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நாளைக்கு வெளியே போகலாம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

“ஞாயித்துக்கெழம திரிங்காப்புக்குப் போகணும்டி. தவுக்கே லோரி அனுப்புவாரு.”

ஆறு நாள் கொழுந்து பறித்துவிட்டு, ஏழாம் நாள் சீன முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் அடுக்கப் போகிறாளாம்.

“அப்ப உனக்கு லீவே கெடையாதா?”

“ஞாயித்துக்கெழமதான் லீவாச்சே,” என்றாள். அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமாதான் எனக்குக் கைகொடுத்தார். “போயிட்டு வா லா. பிள்ளைங்கள நான் பாத்துக்குறேன். ஒரு நாள்ல கோசு எங்கியும் ஓடிறாது.”

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எட்டு கட்டை தள்ளியிருக்கும் தானா ராத்தாவில் இறங்கினோம். அக்கா தீபாவளிப் புடவை கட்டியிருந்தாள். முதலில் அருவி. அக்கா ஒரு நிமிஷம் பார்த்தாள். “பாத்தாச்சு. அடுத்தது என்ன?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒன்பதரைக்கு அருவி, பதினொன்றுக்குத் தேயிலை மேடு, ஒன்றரைக்குச் சாப்பாடு என்று தாளில் எழுதி வைத்திருந்தவள் நான்தான். தொழிற்சாலை மணியை மலைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பதினொரு மணிக்குத் தேயிலை மேட்டில் நின்றோம். அது வேறு தோட்டத்து நிலம். கோலாலம்பூர் கார்கள் வரிசையாக நின்றன; வந்திறங்கிய அத்தனை பேரும் அந்தப் பச்சையைப் பார்த்து மெய்மறந்து நின்றார்கள். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. அக்காவைச் செடிகளுக்கு நடுவே நிறுத்தினேன்.

“கொஞ்சம் சிரி அக்கா.”

“இதுல பாக்குறதுக்கு என்னடி இருக்கு? வெயில் ஏறுறதுக்குள்ள எடு.”

கேமரா வழியாகப் பார்க்கிறேன், அவள் கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டு இலை, ஒரு மொட்டு. பறித்துப் பறித்துத் தோளுக்கு மேலே பின்பக்கம் வீசுகிறாள். முதுகில் கூடை இல்லை. கொழுந்தெல்லாம் தீபாவளிப் புடவையில் பட்டு மண்ணில் விழுகிறது. அவளுக்கு அது தெரியவே இல்லை. கேமராவை இறக்கிவிட்டேன். படம் எடுக்கவில்லை.

“அக்கா, பின்னாடி பாரு.”

திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த கொழுந்தைப் பார்த்தாள். “அட, கூடய மாட்டலியே,” என்று சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதற்குப் பிறகு என் மானத்தையும் நானே வாங்கிக்கொண்டு ஒரு கதை சொன்னேன். முதல் முறை கடற்கரைக்குப் போனபோது, பத்து மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் மணலிலிருந்து எழுந்து கழிப்பறைக்கு வரிசை பிடிக்கப் போனேன். வேலையில் எங்களுக்கு அப்போதுதான் விடுவார்கள்.

“நெசமாவா?” என்றாள். கைகோத்துக்கொண்டு இறங்கினோம்.

ஒன்றரைக்குப் பஸ் நிலையம் அருகே பாய் கடை. மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் எழுபது காசு, தேத்தண்ணி இருபது. சாப்பிட்ட கையோடு அக்கா இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “வச்சிட்டு உக்காருங்கம்மா, அது என் வேல,” என்றார் பாய்.

பட்டியல் தாளைக் கிழித்துப் போட்டேன். “நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. உனக்கு என்ன ஆசையோ அதச் சொல்லு. ஏரிப் பக்கம் போலாமா? ஸ்ட்ராபெர்ரி பாக்கலாமா?”

நெடுநேரம் யோசித்தாள். பிறகு தப்பான எதையோ கேட்பவள்போல மெதுவாகக் கேட்டாள்.

“நான் கொஞ்சம் தூங்கட்டுமா?”

பஸ் நிலையத்துக்கு எதிரே புல்வெளி. இளவெயில், நல்ல குளிர்காற்று. என் மடியில் தலை வைத்தாள். பகலில் தூங்கி எத்தனையோ வருஷமாகிறது, கடைசிப் பிள்ளை பிறந்தபோது தூங்கியதோடு சரி என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. முப்பது வயதுதான் என் அக்காவுக்கு. தூக்கத்தில் அந்த வயது தெரிந்தது.

நாலு மணிக்குத் தாப்பா பஸ் வந்தது. அக்கா ரிங்லெட்டில் இறங்கிக்கொள்ள வேண்டியது, நான் தாப்பா போய் வேறு பஸ் பிடித்துத் திங்கள் காலை ஏழு மணிக்கு வேலையில் நிற்க வேண்டியது. மூன்று வருஷத்தில் ஒரு நாளும் நான் மட்டம் போட்டதில்லை. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கண்டக்டர் எங்களைப் பார்த்து, “தாப்பா, தாப்பா,” என்றார். அவளை எழுப்பக் கையைக் கொண்டுபோனேன். மனம் வரவில்லை. வேண்டாம் என்று கண்டக்டருக்குத் தலையாட்டினேன். பஸ் கிளம்பிப் போனது.

அந்தச் சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள்.

“மணி என்னடி? பஸ்ஸு?”

“போயிருச்சு.”

“அடிப்பாவி, நாளைக்கு உன் வேல?”

“நாளைக்கு நான் போகல. ரிங்லெட்டுக்கு டாக்சி கெடைக்கும், மெதுவாப் போலாம்.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“அப்ப இன்னுங் கொஞ்சம் தூங்குறேன்,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.